மாடில்லாத ஊருக்கு மாட்டு டாக்டர் எதற்கு?

அக்கா மகள் கால்நடை மருத்துவம் படிக்க பெர்த்துக்குப் போகிறாள் என்ற செய்தி, சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கூடியவர்களிடம் பாதிப் பெருமையையும் பாதிக் குழப்பத்தையும் கிளப்பியது. சிங்கப்பூரில் அந்தப் படிப்பு கிடையாது, வெளியூர்தான் போக வேண்டும். செலேத்தார் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா, ஆட்டுக்கறிப் பிரட்டலைச் சோற்றோடு பிசைந்தபடி கேட்டார்: “ஏம்மா, இந்த ஊர்லதான் மாடே இல்லையே, படிச்சுட்டு வந்து யாருக்கு ஊசி போடப் போற?”

“நாய்க்கு, பூனைக்கு, தாத்தா” என்று சொல்லி அவள் தப்பித்துக்கொண்டாள். நியாயமான பதில்தான். ஆனால் பெரியப்பா கேட்ட கேள்விக்கு அதைவிடப் பெரிய பதில் ஒன்று இருக்கிறது. அவர் தட்டிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

மாடே இல்லை என்பது இன்றைய நிலவரம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவைச் சுற்றியிருக்கும் தெருப்பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. பஃபலோ ரோடு எருமைத் தெரு, கெர்பாவ் ரோடும் மலாயில் அதேதான். நம்மில் பாதிப் பேர் பிறந்த கே.கே. மருத்துவமனையின் பெயரில் ஒளிந்திருக்கும் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். பெலிலியோஸ் ரோட்டுக்குப் பெயர் தந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த மாட்டு வியாபாரி. சிராங்கூன் சாலையில் நம்மவர்கள் வேர்பிடித்ததில் மாட்டுத் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு நகரம் வளர்ந்தது, தொழுவங்கள் போயின. பொங்கோல் பக்கம் இருந்த பன்றிப் பண்ணைகளை மூடும் முடிவை அரசு 1984-ல் அறிவித்தது. இப்போது மிஞ்சியிருப்பவை சில முட்டைக்கோழிப் பண்ணைகள், கொஞ்சம் ஆடுகள், மீன் வளர்ப்பு.

ஆனால் நாம் கறி தின்பதை நிறுத்திவிடவில்லையே. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. தொழுவம் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போனதே தவிர இல்லாமல் போகவில்லை. அங்கே ஒரு மிருகம் இருமினால் இங்கே என்ன ஆகும் என்பதை இந்த ஊர் 1999 மார்ச்சில் பார்த்தது.

அந்தக் கதை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தொடங்குகிறது. 1998-ன் பிற்பகுதியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலோடும் தலைவலியோடும் மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலர் சில நாட்களிலேயே நினைவிழந்து இறந்தார்கள். மூளைக்காய்ச்சல், பன்றிப் பண்ணை, மழைக்காடு, கொசு. இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். பன்றியின் உடம்பில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வரும் வைரஸ் அது. சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் ‘ஆமாம்’ என்றது. எனவே ஊர் முழுக்கக் கொசுப்புகை அடித்தார்கள், பன்றிக்கும் மனிதருக்கும் தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கால்நடை மருத்துவர் யோசிக்கும் விதம் எங்கே வேறுபடுகிறது என்பது இங்கேதான் தெரிகிறது. எந்தக் கிருமி என்ற கேள்வி பிறகு வரும். யாருக்கு வந்தது, பக்கத்திலிருந்தும் யாருக்கு வரவில்லை, மிருகம் எப்படி இருந்தது என்பவை அதற்கு முன்னால் வரும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், அதிலும் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்தவர்கள். கொசுவுக்கு மதம் தெரியாது. அதே வட்டாரத்தில், அதே கொசுக்கடியோடு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் நலமாக இருந்தன. தடுப்பூசி போட்டவர்களும் நோயில் விழுந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்றிகளே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்த பன்றி பொதுவாக நோய்வாய்ப்பட்டதாகவே காட்டாது. சினைப்பன்றி குட்டியை இழக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பண்ணைகளில் பன்றிகள் நாய் குரைப்பதுபோல் இருமின. ஒரு மைல் தூரம் கேட்கும் இருமல் என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். மூச்சிரைத்தன, பின்னங்கால் தள்ளாடின. இத்தனைக்கும் செத்தவை நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. என்னைக் கேட்டால் இந்த நோயின் மிகப் பெரிய சூது அதுதான். மந்தையில் பாதி செத்திருந்தால் முதல் வாரமே கூச்சல் எழுந்திருக்கும். இருமிவிட்டுப் பிழைத்துக்கொண்ட பன்றியை எந்தப் பண்ணைக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்வார்?

பயம் பரவியதும் மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தார்கள். பேராக்கில் பன்றி வைத்திருந்தவர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள். லாரிகள் தெற்கே ஓடின. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிபா முதலான இடங்கள் நாட்டிலேயே பன்றி வளர்ப்பு அடர்ந்திருந்த பகுதி. வைரஸ் லாரியில் ஏறி அங்கே போய் இறங்கியது. நோய் மிகக் கடுமையாகத் தாக்கியதும் அங்கேதான்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர், இறந்துபோன ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து 1999 மார்ச் தொடக்கத்தில் புதிதாக ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது, எதிர்பார்த்த கொசு வைரஸின் உருவம் இல்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். அங்கே அது பொருந்திய சோதனை, ஹெண்ட்ரா என்ற இன்னொரு வைரஸுக்காகச் செய்து வைத்திருந்தது. நோயாளியின் ஊரான சுங்கை நிபாவின் பெயரே புதிய வைரஸுக்கு வந்து சேர்ந்தது. ஓர் ஊருக்குக் கிடைக்கக்கூடிய புகழில் இதைவிட மோசமானது இருக்க முடியாது.

மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்ததாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. பண்ணைகளில் கூலிவேலை பார்த்த இந்தியர்களும் அவர்களில் உண்டு. ராணுவம் இறங்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தது. சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டன, மலேசியாவிலிருந்து உயிர்ப்பன்றி வருவது நின்றது. விமானத்தில் ஆஸ்திரேலியக் குளிர்ப்பன்றி இறைச்சி வந்து இறங்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். அந்தத் தொழிலாளர்கள் எந்தப் பண்ணைக்கும் போகவில்லை, எந்த வௌவாலையும் பார்க்கவில்லை. தினமும் செய்யும் வேலையைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

வௌவால் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நான்கு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹெண்ட்ரா என்ற பகுதியிலிருந்த பந்தயக் குதிரை லாயத்தில் குதிரைகள் மூச்சுத் திணறி மடிந்தன. அவற்றைப் பராமரித்த பயிற்சியாளரும் இறந்தார். குதிரைக்கு அது எங்கிருந்து வந்தது? கண்டுபிடிக்கும் வேலை ஹியூம் ஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவரிடம் வந்தது. அவர் குதிரை மேய்ந்த இடத்தில் நடமாடும் எலி, பை விலங்கு, பறவை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதிலும் தடயம் இல்லை. பிறகு வேறு மாதிரி யோசித்தார். நோய் கண்ட இடங்கள் ஒன்றுக்கொன்று பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தன. அவ்வளவு தூரம் போகக்கூடிய உயிர் எது? பறப்பதாகத்தான் இருக்க வேண்டும். பழந்தின்னி வௌவால்களின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் கிடைத்தது. மலேசியாவில் நிபா வெடித்தபோது அவர் அங்கேயும் வந்து வௌவால்களைத் தேடியவர்களில் ஒருவராக இருந்தார். பின்னர் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்துச் சிறுநீர் பிடித்து, அவை கடித்துப் போட்ட பழத்தையும் துடைத்தெடுத்து, அவற்றிலிருந்தே நிபா வைரஸைப் பிரித்துக் காட்டியது சுவா காவ் பிங்கின் குழு. ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும்தான் நம் மனசில் வருகின்றன. மரத்தடியில் நின்று வௌவால் மூத்திரம் பிடிப்பதும் ஆராய்ச்சிதான்.

சரி, வௌவால் காலங்காலமாக மலேசியாவில் இருக்கிறது, பன்றியும் இருக்கிறது. 1998-ல் மட்டும் என்ன வந்தது? முதலில் நோய் கிளம்பிய ஈப்போ பண்ணையில் சுமார் 30,000 பன்றிகள் இருந்தன. கொட்டகையை ஒட்டி மாமரங்கள். பன்றியோடு மாம்பழமும் விற்றால் இரட்டை வருமானம், யாரும் குறைசொல்ல முடியாத விவசாயக் கணக்கு. இரவில் வௌவால் வந்து பழத்தைக் கடித்துக் கீழே போடும், பன்றி அதைத் தின்னும்.

பின்னால் நடந்த ஆய்வு ஒன்று இதை இன்னும் கூர்மையாகச் சொன்னது. வைரஸ் அந்தப் பண்ணைக்குள் ஒரு தடவை மட்டும் நுழையவில்லை. முதலில் வந்தபோது வேகமாகப் பரவி, எல்லாப் பன்றிக்கும் வந்து போய், எரிய விறகில்லாத தீ மாதிரி அடங்கியது. அந்த மந்தைக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. தாய்ப்பன்றியிடமிருந்து குட்டிக்கும் அது போனது, ஆனால் சில மாதங்களில் கரைந்துவிட்டது. இந்த நிலையில் வைரஸ் மறுபடி நுழைந்தபோது, எதிர்ப்புக் கரைந்த குட்டிகள் வாரந்தோறும் புதிதாகக் கிடைத்துக்கொண்டே இருந்தன. தீ அணையவே இல்லை. பத்துப் பன்றி வளர்க்கும் வீட்டில் இது நடக்காது. ஓயாமல் குட்டி பிறந்துகொண்டே இருக்கும் பெரிய பண்ணையில்தான் நடக்கும்.

இந்தத் துறையில் இரண்டு பாத்திரங்களைப் பிரித்துப் பேசுவார்கள். தனக்கு நோகாமல் கிருமியைச் சுமந்து திரியும் உயிர் ஒன்று. அதை வாங்கிப் பல மடங்காக்கி மனிதர் முகத்தருகே கொண்டுவந்து நிறுத்தும் உயிர் இன்னொன்று. நிபாவில் வௌவால் முதலாவது, பன்றி இரண்டாவது. கால்நடை ஆய்வாளருக்கு அந்த இரண்டாவதில்தான் வேலை அதிகம், ஏனென்றால் அங்கேதான் நம்மால் கைவைக்க முடியும். வௌவாலுக்குத் தடுப்பூசி போட ஆள் கிடையாது. குதிரைக்குப் போடலாம். ஆஸ்திரேலியா 2012-ல் அதைத்தான் செய்தது. குதிரைக்கு ஹெண்ட்ரா தடுப்பூசி போட்டால் குதிரைக்காரரும் பிழைப்பார். மலேசியாவிலோ பண்ணைக்கும் பழமரத்துக்கும் இடையே தூரம் வைத்தார்கள். அங்கே 1999-க்குப் பிறகு மனிதருக்கு நிபா வந்ததில்லை.

இரண்டாவது பாத்திரம் இல்லாமலும் நிபா வரும் என்பதுதான் கவலை. வங்கதேசத்தில் பனிக்காலத்தில் ஈச்ச மரத்தில் கலயம் கட்டிப் பதநீர் இறக்குவார்கள். வௌவாலும் அதைக் குடிக்க வரும். காய்ச்சாத பதநீரைக் குடித்தவர்களுக்கு நிபா வந்தது. அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டுவது. விலை மலிவு, வேலை செய்கிறது. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது 17 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் நோயாளிகளைக் கவனித்த செவிலியர். அங்கே பன்றிக்குப் பங்கு கிடையாது. மனிதரிலிருந்து மனிதருக்கு, அதிலும் மருத்துவமனைக்குள்ளேயே பரவியது.

நிபாவின் உறவினர்களைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மாட்டுக்கு வரும் வெக்கை நோய், ஆட்டுக்கொல்லி நோய், கோழிக்கு வரும் ராணிக்கெட், மனிதப் பிள்ளைக்கு வரும் தட்டம்மை, அப்புறம் ஹெண்ட்ரா, நிபா. இவை எல்லாம் ஒரே வைரஸ் குடும்பம். கோழிக் கழிச்சல் என்று பாட்டி சொன்னதும், 1999-ல் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்ததும் பங்காளிகள்.

அதிலும் வெக்கையும் தட்டம்மையும் மிக நெருக்கம். ஒரே மூதாதை வைரஸிலிருந்து இரண்டும் பிரிந்தவை. 2020-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்தப் பிரிவு கி.மு. 6ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே நடந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. பெரிய நகரங்கள் எழுந்து, மாடும் மனிதரும் நெருக்கமாக வாழ்ந்த காலம் அது. மாட்டின் நோய் ஒன்று நம்மிடம் வந்து, மாடே தேவையில்லாமல் மனிதருக்குள்ளேயே தங்கிவிட்டது. விலங்கிலிருந்து வரும் நோய் என்றால் வௌவால், காடு, கூண்டுச் சந்தை என்று அந்நியமாக நினைக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு இன்றும் ஊசி போடும் நோய் ஒன்று தொழுவத்திலிருந்து வந்தது.

வெக்கையின் கதைக்கு நல்ல முடிவும் உண்டு. கால்நடை மருத்துவத்தின் உச்சம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 1880களின் கடைசியில் அது ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து பல இடங்களில் மாட்டில் பெரும்பகுதியைக் கொன்று தின்றது, பஞ்சம் பின்னாலேயே வந்தது. இந்தியாவில் முக்தேஷ்வர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920களில் அந்த வைரஸை ஆட்டின் உடம்பில் திரும்பத் திரும்பச் செலுத்தி வலுவிழக்கச் செய்து தடுப்பூசியாக்கினார். பின்னர் கென்யாவில் வால்டர் ப்ளோரைட் என்ற கால்நடை அறிவியலாளர் ஆய்வுக்கூட உயிரணுக்களில் வளர்த்த, இன்னும் பத்திரமான தடுப்பூசியைத் தந்தார். குளிர்ப்பெட்டி இல்லாத பாலைவனத்தில் அது கெட்டுப்போகும் என்ற சிக்கலைத் தீர்க்கச் சூடு தாங்கும் வகையை இன்னொருவர் செய்தார். அதையும் மந்தை ஓட்டும் நாடோடி மக்களே கையில் எடுத்துப் போட்டார்கள். எந்த மாடு எங்கே மேய்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே. 2011-ல் வெக்கை உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் அது. பெரியம்மை ஒழிந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். இதை எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் மொழியில் கால்நடை நோய்களுக்கு எத்தனை பெயர் இருக்கிறது பாருங்கள். கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், மடிவீக்கம். மாட்டின் வாயையும் குளம்பையும் தினம் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், மனிதரையும் கொல்லும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் வளர்ந்த என் தலைமுறைக்கு இதில் பாதிப் பெயர் அகராதி பார்த்தால்தான் புரியும். அது யாருடைய குற்றமும் இல்லை, மாடு இல்லாத ஊரில் சொல்லும் போய்விடுகிறது.

அந்தப் பார்வை போனால் என்ன இழப்பு என்பதற்கு அண்மை உதாரணம் ஒன்று. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் கறவை மாடுகள் தீனி குறைந்து, பால் வற்றி, கறந்த பால் சீம்பால் போலத் தடித்து வந்தது. மாடு சாகவில்லை, சில வாரத்தில் தேறியது. ஆனால் பண்ணைப் பூனைகள் செத்தன. அங்கே போன கால்நடை மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள். பூனைகள் குடித்தது காய்ச்சாத பால். மாதிரியைச் சோதித்தால் பறவைக் காய்ச்சல் வைரஸ், மாட்டின் மடியில்! மாட்டுக்கு அது வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. செத்த பூனையை ஒதுக்கிப் போட்டுவிட்டு மாட்டை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் அறிவியலோடு ஒத்துப்போகிறது என்று சொன்னால் அம்மா மகிழ்வார். டீக்காகத்தான் காய்ச்சுகிறோம், அது வேறு.

மறுபடி வௌவாலுக்கு வருகிறேன், ஏனென்றால் அதன் மீதான ஆராய்ச்சியில் சிங்கப்பூருக்குச் சொந்தமான பங்கு இருக்கிறது. இத்தனை வைரஸைச் சுமந்தும் வௌவால் ஏன் நோயில் விழுவதில்லை? டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் வாங் லின்ஃபா தலைமையிலான குழு பல ஆண்டுகளாக இதைத் தோண்டி வருகிறது. அவர் இங்கே வருவதற்கு முன் ஆஸ்திரேலியாவின் ஜீலோங் நகரிலுள்ள விலங்கு நல ஆய்வுக்கூடத்தில் ஹெண்ட்ரா, நிபா வைரஸ்களை ஆராய்ந்தவர். 2019-ல் அந்தக் குழு வெளியிட்ட முடிவு ஒன்று: வைரஸ் உள்ளே வந்ததும் உடம்பில் அழற்சியைக் கிளப்பும் புரத அமைப்பு, வௌவாலிடம் வெகுவாகத் தணிந்த நிலையில் இருக்கிறது. வைரஸ் அளவு குறைவதில்லை, ஆனால் உடம்பு பதறி எழுவதில்லை. மனிதர்களில் பல தொற்றுகளில் ஆளைக் கொல்வது கிருமியைவிட, கிருமியைக் கண்டு உடம்பு காட்டும் மிகையான ஆவேசம். பறப்பதற்கு உடம்பு கொடுக்கும் கடும் உழைப்பும் அதனால் உண்டாகும் சேதமும்தான் வௌவாலை இப்படிப் பழக்கியிருக்கும் என்பது இவர்கள் பக்கத்து வாதம்.

இதற்காக அவர்கள் வளர்க்கும் வௌவால் வகைகளில் ஒன்று குகையில் வாழும் தேனுண்ணி வௌவால். துரியான் பூ இரவில் விரியும். அதற்கு மகரந்தம் சுமப்பவற்றில் இதுதான் முக்கியம். ஒவ்வொரு நோய்ச் செய்திக்குப் பிறகும் ‘வௌவாலை எல்லாம் கொன்றுவிடலாமே’ என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் துரியான் பருவத்தில் கேட்கமாட்டார் என்று நம்புகிறேன்.

கொல்வது பயன் தராது என்பதற்குத் துரியானைவிடக் கனமான காரணமும் உண்டு. ஹெண்ட்ரா பற்றிய 25 ஆண்டுத் தரவுகளை அலசி 2022-ல் வந்த ஆய்வு, வௌவாலுக்கு இரை கிடைக்காத ஆண்டுகளில்தான் குதிரைக்கு நோய் தாவுகிறது என்று காட்டியது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்ததால் வௌவால்கள் சிறு கூட்டங்களாகச் சிதறி, ஊர்ப்புறத் தோட்டங்களுக்கும் குதிரை மேயும் இடங்களுக்கும் வந்து ஒண்டுகின்றன. பசியில் இருக்கும்போது வைரஸை அதிகமாக வெளியேற்றுகின்றன. காட்டில் நன்றாகப் பூ பூத்த ஆண்டுகளில் தாவலே நிகழவில்லை. மரம் நடுவதும் தடுப்பூசிதான் என்று சொல்லும் அளவுக்கு இது போகிறது. அப்படி மேடையில் முழங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தரவு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

பெரியப்பாவின் கேள்விக்கு இன்னும் நேரடியான பதிலும் இருக்கிறது. இந்த ஊர் கால்நடை மருத்துவர்களில் ஒரு பகுதியினர் அரசு வேலையில் இருக்கிறார்கள். 2019-ல் பழைய வேளாண், உணவு, கால்நடை ஆணையம் பிரிந்தபோது, விலங்கு நலம் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைக்கும், உணவுப் பாதுகாப்பு சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும் போயின. எந்த நாட்டுப் பண்ணையிலிருந்து, எந்த இறைச்சிக்கூடத்திலிருந்து கறி வரலாம் என்று அனுமதிப்பதற்குப் பின்னால் அந்த நாட்டில் என்ன நோய் இருக்கிறது, அதை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்ற கணக்கு இருக்கிறது. 2023 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பூலான் தீவிலிருந்து வந்த பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இங்கே இறைச்சிக்கூடத்தில் பிடிபட்டது. அது மனிதருக்கு வராத நோய். ஆனாலும் உடனே இறக்குமதி நிறுத்தப்பட்டது. பிடித்தது கூடத்தில் நின்று சோதித்த கண்கள்தான். 1999-ஐ நினைத்தால் அந்தக் கண்களின் மதிப்பு தெரியும்.

வெறிநாய்க்கடி நோய் 1953-க்குப் பிறகு சிங்கப்பூரில் தலைகாட்டவில்லை. ஊருக்குப் போகும்போது தெருநாயைக் கண்டு நாம் ஒதுங்குவதும், இங்கே அடுக்குமாடி புளோக் அடியில் நாயைத் தடவிக்கொடுப்பதும் அந்த ‘1953-க்குப் பிறகு’ என்பதன் பலன்.

நாலுகால் பிராணி மட்டும்தான் இந்தக் கணக்கில் என்றும் நினைக்க வேண்டாம். 2015-ல் இங்கே, மற்றபடி ஆரோக்கியமாக இருந்த பெரியவர்கள் பலருக்கு ரத்தத்திலும் மூட்டுகளிலும் மூளை உறையிலும் கடுமையான தொற்று வந்தது. காரணமான பாக்டீரியா, பெரும்பாலும் பிரசவப் பிரிவுகளில் பச்சைக்குழந்தைகளுக்கு வரும் ஒன்றாகவே மருத்துவர்களுக்குப் பழக்கம். விசாரித்ததில், கஞ்சியோடு சாப்பிடும் பச்சை நன்னீர் மீனில் போய் முடிந்தது. சோங் மீன், தோமான் மீன். உணவு வழியாக அந்தக் கிருமி பரவியதாகக் கண்டறியப்பட்ட முதல் சம்பவம் அதுதான். அந்த ஆண்டு டிசம்பரில், கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவது தடைசெய்யப்பட்டது. மீன் நோய் படித்தவர்களுக்கு வளர்ப்பு மீன்களில் அந்தக் கிருமி புதிதில்லை. மனித மருத்துவர் ஒரு பக்கமும் மீன் மருத்துவர் ஒரு பக்கமும் தனித்தனியே வைத்திருந்த அறிவு, நோயாளிகள் படுக்கையில் விழுந்த பிறகுதான் ஒரே மேசைக்கு வந்தது.

இந்த மேசையைத்தான் இப்போது ‘ஒரே நலம்’ என்ற பெயரில் எல்லா நாடுகளும் போட முயல்கின்றன. சொல்வது சுலபம். எங்கே முட்டும் என்றால் பணத்தில் முட்டும். தன் மந்தையில் நோய் இருக்கிறது என்று ஒரு விவசாயி சொன்னால் அத்தனையையும் கொன்று புதைப்பார்கள். இழப்பீடு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாவிட்டால் அவர் ஏன் சொல்ல வேண்டும்? இரவோடு இரவாக லாரியில் ஏற்றி விற்கத்தான் பார்ப்பார். பேராக்கில் நடந்தது அதுதான். அவரைத் திட்டுவதில் பொருளில்லை. உடனே இழப்பீடு கிடைக்கும் என்ற நம்பிக்கை, நல்ல பரிசோதனைக் கருவி அளவுக்கே ஒரு நோய்த் தடுப்புக் கருவி என்பது என் கருத்து. கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்குப் பொருளாதாரமும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும், விவசாயியோடு உட்கார்ந்து டீ குடிக்கவும்.

போன மாதம் பெரியப்பா போன் செய்தார். அவர் தரைவீட்டின் முன்கூரையில் இரண்டு வௌவால் வந்து தொங்குகிறதாம். ராத்திரி முழுக்க எதையோ தின்று கொட்டையைக் காருக்கு மேல் துப்புகிறதாம். துடைப்பத்தை எடுக்கட்டுமா என்று கேட்டார். அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்ததால் போனை அவளிடம் கொடுத்தேன்.

“தொடாதீங்க தாத்தா, துடைப்பத்தால அடிக்கவும் வேணாம். எச்சத்தைக் காஞ்சபடி கூட்டாதீங்க, குளோராக்ஸ் தண்ணி தெளிச்சு ஈரமாக்கித் துடைங்க, கையுறை போட்டுக்குங்க. கடிச்ச பழம் கிடந்தா குப்பையில போடுங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “இதுதான் அந்தத் துரியான் வௌவாலா?” என்று கேட்டார். தீபாவளிக்குப் பிறகு நான் அவருக்கு நிறைய அனுப்பி வைத்திருந்தேன்.

“இல்ல தாத்தா, இது வேற ஜாதி. குட்டை மூக்கு.”

“அப்போ விரட்டலாமா?”

“ராத்திரி லைட்டைப் போட்டு வைங்க, தானா போயிடும்” என்றாள். மின்கட்டணம் பற்றி அவர் பேச ஆரம்பித்தபோது போன் என் கைக்குத் திரும்பி வந்தது.